தலைக்கு இவ்வளவா, மணிக்கு இவ்வளவா? கர்ப்பகால ஸ்கேனில் தரமும் கூலியும்

#1 பொருநைக்கரை

மாதம் 60 பிரசவம் நடக்கும் சிறு நகரத்து மகப்பேறு மருத்துவமனை. ஸ்கேன் அறைக்கு பி.சி.பி.என்.டி.டி. (கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம்) பதிவு முடிந்துவிட்டது. மெஷின் நடுத்தர ரகம். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் கான்வெக்ஸ் ப்ரோப், பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் டி.வி.எஸ். ப்ரோப் இரண்டும் உண்டு. வாரம் 4 நாள் வர ஒரு ரேடியாலஜிஸ்ட் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊர் வழக்கப்படி "தலைக்கு இவ்வளவு" என்றுதான் பேச்சு ஓடுகிறது. 7 வார ஸ்கேனுக்கும் அதே தொகை, அனாமலி ஸ்கேனுக்கும் (கருவின் உறுப்புக் குறைகளைத் தேடும் நடுப்பருவ ஸ்கேன்) அதே தொகை.

இரண்டு கேள்வி. தலைக்கு இவ்வளவு என்பது நியாயமா? ஒப்பந்தத்தில் "தரம்" என்று எதை எழுதுவது? "நல்ல முறையில் பார்க்க வேண்டும்" என்று எழுதினால் அது காகிதத்துக்குத்தான் அழகு.

#2 நிழற்படம்

இரண்டாவது கேள்விக்கு விடையே முதல் கேள்வியில்தான் இருக்கிறது. எடுத்துக்காட்டாக எந்த ஸ்கேன் என்றாலும் டாக்டருக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்ப கர்ப்பத்தில் கருவைச் சூழ்ந்த பை கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா, இதயத்துடிப்பு உண்டா, சி.ஆர்.எல். (தலை முதல் பிட்டம் வரை கருவின் நீளம்) எவ்வளவு, இரட்டையா, சினைப்பையில் கட்டி உண்டா என்று பார்த்து ரிப்போர்ட்டும் எழுத 12 நிமிடம். அப்படியானால் மணிக்கு 5 பேர், 1,500 ரூபாய். அனாமலி ஸ்கேனை ஒழுங்காகப் பார்த்து எழுத 40 நிமிடம். அந்த மணிக்குக் கிடைப்பது 450 ரூபாய்.

ஒரே டாக்டர், ஒரே நாற்காலி. அனாமலியில் நிதானமாக உட்காரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவருக்கு அபராதம். இப்படிக் கூலி வைத்துவிட்டு இதயத்தின் வெளியேறும் குழாய்களைப் பார்க்கவில்லையே என்று பிறகு கேட்பது அநியாயம். அவசரக்காரர் அவசரப்படுவார், நிதானக்காரர் ஆறு மாதத்தில் வேறு செண்டருக்குப் போய்விடுவார்.

#3 வரவுசெலவு

செண்டர் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் ஊருக்கு ஊர் மாறும். நீங்கள் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மெஷின் 30 லட்சம், ஆயுள் 6 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 5 லட்சம். பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் ப்ரோப் பழுதுக்கும் 2 லட்சம். (ப்ரோப் கீழே விழுந்தால் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் சேராது, படித்துப் பாருங்கள்.) வாடகை, ஏ.சி. கரண்ட், ஜெல், பேப்பர், வரவேற்பில் ஒருவர், உள்ளே உதவிக்கு ஒரு பெண், ஃபார்ம் எஃப் (பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி ஒவ்வொரு கர்ப்பகால ஸ்கேனுக்கும் நிரப்பும் படிவம்) ஏற்ற ஒருவர் எல்லாம் சேர்த்து மாதம் 70,000, ஆண்டுக்கு 8.4 லட்சம். ஆக 15.4 லட்சம்.

வேலை நாள் 300. ஒரு நாளில் ப்ரோப்பும் ரிப்போர்ட்டுமாக உண்மையில் ஓடும் நேரம் 330 நிமிடம் என்றால் ஆண்டுக்கு 99,000 நிமிடம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 ரூபாய் 50 பைசா. டாக்டருக்கு மாதம் 2 லட்சம் என்றால் நிமிடத்துக்கு 24 ரூபாய். கூட்டி, நிமிடம் 40 ரூபாய் என்று வையுங்கள்.

ஆரம்ப ஸ்கேன் 12 நிமிடம்: 480. டாப்ளருடன் (ரத்த ஓட்டம் பார்ப்பது) வளர்ச்சி ஸ்கேன் 20 நிமிடம்: 800. அனாமலி 40 நிமிடம்: 1,600. இது லாபம் இல்லாத அடக்க விலை. அதுவும் ஒரு நிமிடம்கூட நாற்காலி காலியாக இல்லை என்ற கற்பனையில். பத்தில் ஏழு பங்கு நேரம்தான் நிரம்புகிறது என்றால் நிமிடம் 57 ரூபாய் ஆகிவிடும், அனாமலி 2,280 பக்கம் போகும்.

#4 பனிக்குடம்

40 நிமிடம் மிகை. கை பழகியவர்கள் 15 நிமிடத்தில் அனாமலி முடிக்கிறார்கள். குழந்தை ஒத்துழைத்தால் அதற்கு மேல் என்ன இருக்கிறது?

#5 ஏழாம்மாதம்

என்ன இருக்கிறது என்று எழுதிப் பார்ப்போம். ஐ.எஸ்.யு.ஓ.ஜி. (மகப்பேறு ஸ்கேனுக்கான உலக அமைப்பு) 2022-இல் திருத்திய நடுப்பருவ ஸ்கேன் வழிகாட்டி 18 முதல் 24 வாரத்துக்குள் என்று காலம் சொல்கிறது. அதை அடியொற்றி, விட்டுவிடக் கூடாதவை மட்டும்:

தலையில் மூன்று வெட்டு. மேல் வெட்டில் பக்க அறைகள். பின்கொம்பின் அகலம் 10 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நடு வெட்டில் தலாமஸ், முன்னால் கேவம் செப்டம். இந்தச் சின்னப் பெட்டியைக் காணவில்லை என்றால் அங்கேயே நிற்க வேண்டும். நடுக்கோட்டுக் குறைகள் பல அதில்தான் மாட்டும். கீழ் வெட்டில் சிறுமூளை, அதன் பின்னால் சிஸ்டர்னா மேக்னா என்ற நீர் இடைவெளி. முகத்தில் கண்குழி இரண்டு, மேல் உதடு. முதுகெலும்பை நெடுக்காக மட்டும் பார்த்தால் போதாது, குறுக்காகவும் கழுத்திலிருந்து வால் வரை ஓட்ட வேண்டும். நெஞ்சு, இதயம், உதரவிதானம், இடப்பக்கத்தில் இரைப்பை, தொப்புள் கொடி நுழையும் இடம், சிறுநீரகம் இரண்டு, சிறுநீர்ப்பை, கை கால் நான்கு. நஞ்சு (பிளாசென்டா) எங்கே, கர்ப்பப்பை வாயை மூடுகிறதா. பனிக்குட நீர். பிறகு பி.பி.டி. (தலை அகலம்), ஹெச்.சி. (தலைச் சுற்றளவு), ஏ.சி. (வயிற்றுச் சுற்றளவு), எஃப்.எல். (தொடை எலும்பு நீளம்).

இதில் இதயம் தனிக்கதை. நான்கு அறை மட்டும் பார்த்து "இதயம் இயல்பு" என்று எழுதுவதுதான் நம் ரிப்போர்ட்களின் பெரிய பொய். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிய குழந்தைக்கு நான்கு அறை பெரும்பாலும் அழகாகவே தெரியும். இரண்டு குழாயும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டாமல் இணையாக ஓடுவது வெளியேறும் குழாய்களைப் பார்த்தால்தான் தெரியும். ஃபாலோ நான்மைக் குறையும் (நான்கு கோளாறு சேர்ந்த இதயக் குறை) அப்படித்தான். இவர்களில் முதல் வகைக் குழந்தை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சிறு மருத்துவமனையில் பிறந்தால், பிறந்தபின் மூடிக்கொள்ளும் இதய நாளத்தை மூடாமல் வைக்கும் ப்ரோஸ்டாகிளாண்டின் மருந்து கையில் இல்லாமல் சில மணி நேரத்தில் நீலமாகிவிடும். முன்பே தெரிந்தால் இதய சிகிச்சை உள்ள ஊரில் பிரசவம் வைக்கலாம். ஸ்கேனால் உயிர் பிழைக்கும் இடம் இதுதான்.

இதயத்துக்கு மெஷினைத் தனியாக அமைக்க வேண்டும். ஆழத்தைக் குறை, செக்டரை (படத்தின் விசிறி அகலம்) குறுக்கு, ஃபோகஸ் ஒன்று போதும், இதயம் திரையில் மூன்றில் ஒரு பங்காவது நிரம்பட்டும். செக்டரை அகலமாகவே விட்டால் ஃப்ரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை படம்) விழும், வால்வு அசைவு மங்கும். இரைப்பையில் தொடங்கித் தலைப்பக்கமாக மெதுவாகத் தள்ளினால் நான்கு அறை, இடக்குழாய், வலக்குழாய், மூன்று நாளம், மூன்று நாளம் மூச்சுக்குழாய் என்று வரிசையாக வரும். அந்த ஓட்டத்தை 5 வினாடி கிளிப்பாகச் சேமியுங்கள்.

குழந்தை முதுகை மேலே காட்டிப் படுத்திருந்தால் விலா எலும்பின் நிழல் இதயத்தின் மேல் விழும். அப்போது 15 நிமிடக்காரர் என்ன செய்வார்? டெம்ப்ளேட்டில் ஏற்கெனவே "நான்கு அறை இயல்பு, வெளியேறும் குழாய்கள் இயல்பு" என்று இருக்கிறது. அழிக்காமல் விடுவார். அவ்வளவுதான்.

#6 நிழற்படம்

@பனிக்குடம்: மேலே உள்ளதில் 25 நிமிடம் ப்ரோப், 5 நிமிடம் அந்த அம்மாவிடம் பேச, 10 நிமிடம் ரிப்போர்ட். எதை வெட்டலாம் சொல்லுங்கள்.

#7 பனிக்குடம்

பேச்சை வெட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ரிப்போர்ட்டைத் தட்டச்ச ஆள் வைத்தால் 5 நிமிடம் மிச்சம். இன்னொரு யோசனை: வெளிநாட்டில் போல டெக்னீஷியனை வைத்து அளவெல்லாம் எடுக்கச் சொல்லி, டாக்டர் இதயம், மூளை மட்டும் பார்த்தால்?

#8 ஏழாம்மாதம்

இந்தியாவில் வேண்டவே வேண்டாம். கர்ப்பிணியின் வயிற்றில் ப்ரோப்பை வைக்க, சட்டப்படி பதிவில் பெயர் உள்ள தகுதி பெற்ற டாக்டர்தான். டெக்னீஷியன் விவரம் ஏற்றலாம், பெண்ணை ஆயத்தம் செய்யலாம், ப்ரோப்பைத் துடைக்கலாம். அளவு எடுக்கவிட்டால் மெஷினுக்கு சீல், டாக்டருக்கு வழக்கு.

#9 வரவுசெலவு

கணக்கில் ஒன்றை வேண்டுமென்றே விட்டேன், யாரும் கேட்கவில்லை. "கட்", அதாவது நோயாளியை அனுப்பியதற்கான கமிஷன்.

அனாமலிக்கு 1,600 வாங்கி, அனுப்பிய இடத்துக்கு 30 சதவீதம் போனால் மிஞ்சுவது 1,120. நிமிடம் 40 ரூபாய் என்ற கணக்கில் அது 28 நிமிடம். 40-இல் 12 நிமிடம் காணாமல் போய்விட்டது. ரிப்போர்ட்டுக்கும் பேச்சுக்கும் வேண்டிய 15-ஐக் கழித்தால் ப்ரோப்புக்கு 13 நிமிடம். பனிக்குடம் சொன்ன "15 நிமிட அனாமலி" எங்கிருந்து பிறக்கிறது என்று பாருங்கள். கை வேகத்தால் அல்ல.

#10 கிராமத்து எம்.ஓ.

அடேயப்பா. இதயம் பார்க்கும் நேரம் முழுக்க கவரில் போகிறது.

#11 பொருநைக்கரை

கட் கொடுக்காத செண்டருக்கு யாரும் அனுப்புவதில்லை என்பதும் உண்மைதானே? எங்களுக்குச் சொந்த நோயாளிகள் இருப்பதால் தப்பித்தோம். தனி செண்டர்கள் என்ன செய்யும்?

#12 நிழற்படம்

2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகளில் 6.4 பிரிவு: அனுப்பியதற்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் கேட்பதும் தவறு. 2023-இல் வந்த புதிய விதிகள் அதே மாதமே நிறுத்திவைக்கப்பட்டதால் பழைய விதிதான் நடப்பில் இருக்கிறது. விதி இருக்கிறது, பயம் இல்லை. ஃபார்ம் எஃப்-இல் ஒரு கட்டம் விட்டுப்போனால் குற்றம் என்பதில் உள்ள கெடுபிடியில் நூறில் ஒரு பங்கு இதில் இல்லை.

தனி செண்டர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அனுப்பும் டாக்டருக்குப் பணத்துக்குப் பதில் வேலையைக் கொடுப்பது. குறை தென்பட்டால் அன்றைக்கே போனில் அழைத்துச் சொல்வது, படங்களை அனுப்புவது, பிறந்த குழந்தை எப்படி இருந்தது என்று திரும்பக் கேட்பது. ஒரு முறை தவறவிட்ட குறைக்காக நுகர்வோர் ஆணையப் படி ஏறிய மகப்பேறு டாக்டருக்கு அந்த 30 சதவீதத்தின் விலை தெரியும்.

#13 கிராமத்து எம்.ஓ.

நகரத்துக் கணக்கு சரி. ஆனால் 2,280 ரூபாய் என்றால் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது ஒரு வாரக் கூலிக்கு மேல். விலை ஏறினால் அவள் ஸ்கேனே எடுக்காமல் இருந்துவிடுவாள், அல்லது 28 வாரத்தில் வந்து நிற்பாள். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்னது 24 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேனாவது எல்லோருக்கும் வேண்டும் என்பது. அதைத் தவறவிட்டுத் தரம் பேசக் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். டாக்டர் செய்யும் ஸ்கேனுக்கு வேறு பட்டியல் வேண்டும். கர்ப்பம் உள்ளே இருக்கிறதா, எத்தனை குழந்தை, எத்தனை வாரம், துடிப்பு, நஞ்சு, நீர், தலை கீழா மேலா. இதைத் துல்லியமாகச் செய்தால் போதும். "அனாமலி ஸ்கேன்" என்று தலைப்பிட்ட ரிப்போர்ட்டை அங்கிருந்து கொடுக்காதீர்கள் என்பதே என் வாதம். கொடுத்தால் அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டாள். அவள் கணக்கில் வேலை முடிந்துவிட்டது.

#14 ஏழாம்மாதம்

நூற்றுக்கு நூறு உடன்பாடு. பொய்யான பெரிய ரிப்போர்ட்டைவிட உண்மையான சின்ன ரிப்போர்ட் மேல்.

அந்தச் சின்னப் பட்டியலிலும் வாரக்கணக்குதான் உயிர்நாடி. முதல் மூன்று மாத சி.ஆர்.எல். அளவு வரை யாரும் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கண்ணை மூடி நம்பக் கூடாது. 8 வாரம் 6 நாளுக்குள் இரண்டுக்கும் 5 நாளுக்கு மேல் வித்தியாசம் என்றால், 9 முதல் 13 வாரம் 6 நாள் வரை 7 நாளுக்கு மேல் என்றால், பிரசவத் தேதியை ஸ்கேன்படி மாற்ற வேண்டும். மாற்றியபின் பிறகு வரும் ஸ்கேன்களில் மறுபடி மாற்றக் கூடாது. 32 வாரத்தில் குழந்தை சிறியதாக இருக்கிறது என்பதற்காகத் தேதியைத் தள்ளிப்போட்டு, வளர்ச்சி குன்றிய குழந்தையை "வாரம் குறைவு" என்று எழுதி அனுப்புவது அடிக்கடி நடக்கும் கொலைத்தவறு.

#15 குளிர்நாட்டான்

இங்கிலாந்தில் நடைமுறை எப்படி என்று சொன்னால் ஒப்பிட உதவும். இங்கே கர்ப்பகால ஸ்கேனில் பெரும்பகுதியை சோனோகிராஃபர்கள் செய்கிறார்கள், டாக்டர்கள் அல்ல. பெரும்பாலோர் ரேடியோகிராஃபியோ மிட்வைஃப் படிப்போ முடித்து, அதன்மேல் அல்ட்ராசவுண்டில் பட்டமேற்படிப்பு முடித்தவர்கள். வேடிக்கை, "சோனோகிராஃபர்" என்ற பட்டப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இன்றும் இல்லை.

20 வார ஸ்கேனுக்கு அரசுத் திட்டமே படப் பட்டியலையும் தேட வேண்டிய 11 நோய்நிலைகளையும் வரையறுத்திருக்கிறது. ஒற்றைக் குழந்தைக்கு 30 நிமிட நேரம், இரட்டைக்கு 45. படம் கிடைக்காவிட்டால் இன்னொரு முறை, 23 வாரத்துக்குள். அதற்கு மேல் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதில்லை. பார்க்க முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

சம்பளம் மாதச் சம்பளம், தேசியப் படிநிலையில் பெரும்பாலும் 7-ஆம் படி. எத்தனை பேரைப் பார்த்தாலும் அதேதான். ஆக வேகத்துக்குப் பரிசு இல்லை. ஆனால் பட்டியலை நிரப்பும் மேலாளரின் நெருக்குதல் உண்டு. ஆள் பற்றாக்குறையில் இடைவேளை கரையும். தோள்வலியோடு வேலையை விடுகிறவர்கள் அதிகம். கையை உடம்பிலிருந்து 30 பாகைக்கு மேல் விலக்கி வைத்து நாள் முழுக்க அழுத்தினால் தோள்பட்டைத் தசைநாண் போய்விடும். படுக்கையின் உயரம் மாறக்கூடியதாக இருக்கட்டும், பெண்ணை உங்கள் பக்கம் நெருங்கிப் படுக்கச் சொல்லுங்கள், மானிட்டர் கண்ணுக்கு நேரே. நியாயமான கூலியில் இதுவும் சேர்த்திதான்.

#16 வரவுசெலவு

அமெரிக்காவில் தலைக்குத்தான், ஆனால் தலை எல்லாம் ஒன்றல்ல. 76805 என்ற பில் எண் அடிப்படை ஸ்கேனுக்கு, 76811 விரிவான உறுப்பு ஸ்கேனுக்கு, 76817 டி.வி.எஸ்.க்கு, 76820 தொப்புள் தமனி டாப்ளருக்கு. ஒவ்வொன்றிலும் என்னென்ன பார்த்து எழுதியிருக்க வேண்டும் என்று வரையறை உண்டு, அதற்கேற்ப விலை. நம் ஊரில் ரேட் கார்டில் "ஸ்கேன்", "கலர் ஸ்கேன்", "4டி" என்று இருக்கிறது. கலர் என்பது மெஷினில் ஒரு பொத்தான். அதைக் காட்டி விலை ஏற்றுகிறோம், பார்த்த உறுப்பைக் காட்டி அல்ல.

#17 படுவான்கரை

மட்டக்களப்புப் பக்கம் இருந்து ஒரு சின்னக் குறிப்பு. இலங்கையிலும் ஸ்கேன் பார்ப்பது வைத்தியர்கள்தான். அரச கிளினிக்கில் வி.ஓ.ஜி.யும் (மகப்பேறு நிபுணர்) அவருக்குக் கீழ் உள்ள வைத்தியர்களும். அரச வைத்தியசாலையில் காசு இல்லை, ஆனால் கிளினிக் நாளில் சனம் நிரம்பி வழியும். அங்கே நேரத்தைத் தின்பது கமிஷன் இல்லை, வரிசை. அதனால் தலைக்கூலியை எடுத்துவிட்டால் மட்டும் தரம் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஒரு கிளினிக் நாளுக்கு இத்தனை அனாமலி ஸ்கேன்தான் என்று உச்ச எண்ணிக்கை போடாத இடத்தில் மாதச் சம்பளமும் தோற்கும்.

#18 பொருநைக்கரை

நல்ல புள்ளி. அப்படியானால் தரத்தை எப்படி அளப்பது? அந்த டாக்டருக்கு எம்.டி. இருக்கிறது. அது போதுமா?

#19 ஏழாம்மாதம்

பட்டம் சட்டத்துக்குப் போதும், கைக்குப் போதாது. ரேடியாலஜி எம்.டி.யில் கர்ப்பகால ஸ்கேனுக்குக் கிடைக்கும் நேரம் கல்லூரிக்குக் கல்லூரி வேறு. மகப்பேறு எம்.எஸ்.ஸிலும் அப்படியே. எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு 2014 விதிகள் 6 மாதம், 300 மணி நேரப் பயிற்சி, பிறகு தேர்வு என்றன. 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, 2018-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. வழக்கு ஒரு பக்கம் இருக்க, இந்த விதிகள் நுழைவாசலை மட்டும்தான் காக்கின்றன. உள்ளே போனபின் பத்து வருடம் கழித்து ஒருவர் என்.டி. (கருவின் பின்கழுத்தில் தோலுக்கடியில் உள்ள நீரின் தடிமன்) அளவை எப்படி எடுக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை.

என்.டி.யை வைத்தே சொல்கிறேன், அளக்க எளிது. லண்டன் எஃப்.எம்.எஃப். (ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷன்) சான்றிதழ் வைத்திருப்பவர் ஆண்டுதோறும் படங்களைத் தணிக்கைக்கு அனுப்ப வேண்டும். விதி இதுதான்: சி.ஆர்.எல். 45 முதல் 84 மி.மீ. நடுக்கோட்டு நெடுவெட்டு, மூக்கு நுனியும் அண்ணமும் தெரிய வேண்டும். தலையும் மேல் நெஞ்சும் மட்டும் திரையை நிரப்ப வேண்டும். கழுத்து நிமிர்ந்தும் இல்லாமல் குனிந்தும் இல்லாமல்; நிமிர்ந்தால் அளவு கூடும், குனிந்தால் குறையும். பனிக்குடச் சவ்வைத் தோல் என்று எண்ணி அளக்காமல் இருக்க, குழந்தை அசையும் வரை காத்திருக்க வேண்டும். காலிப்பர் என்ற அளவுக் குறியின் குறுக்குக்கோடு வெள்ளைக் கோட்டின் உள்விளிம்பில் அமர வேண்டும். மூன்று முறை எடுத்துப் பெரியதை எழுத வேண்டும்.

95-ஆம் சதமான அளவு (நூறில் 95 குழந்தைகள் இதற்குள்) சி.ஆர்.எல். 45-இல் 2.1 மி.மீ., 84-இல் 2.7 மி.மீ. மொத்த விளையாட்டே ஒரு மி.மீ.க்குள். கெயின் (படத்தின் பிரகாசம்) அதிகம் வைத்துக் கோடு தடித்தால் அளவு குறைந்துவிடும். ஒருவரின் கடைசி 50 என்.டி.யை வரிசையாக எழுதுங்கள். கிட்டத்தட்ட பாதி, அந்தந்த சி.ஆர்.எல்.லின் நடுமதிப்புக்கு மேலேயும் பாதி கீழேயும் இருக்க வேண்டும். 50-இல் 40 கீழே இருந்தால் அவர் குறைத்து அளக்கிறார். டவுன் நோய்க்குறிப் பரிசோதனையில் ஆபத்துள்ளவர்கள் நழுவிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும், மென்பொருள் வேண்டாம்.

#20 பனிக்குடம்

இதே மாதிரி வளர்ச்சி ஸ்கேனுக்கும் சொல்லுங்கள். எடைதான் சண்டையைக் கிளப்புகிறது. "2.5 கிலோ சொன்னீர்கள், 2.2 பிறந்திருக்கிறது" என்று.

#21 நிழற்படம்

எடை என்பது வாய்ப்பாட்டின் மதிப்பீடு, தராசு அல்ல. 15 சதவீதம் முன்னே பின்னே போகும். 2.5 கிலோ என்றால் 2,125 முதல் 2,875 கிராம் வரை எதுவும் இருக்கலாம், 2.2 அதற்குள்தான். ரிப்போர்ட்டில் இந்த வரம்பை எழுதிவிட்டால் பாதிச் சண்டை இல்லை.

தவறு நுழையும் வாசல் ஏ.சி. அந்த வெட்டு வட்டமாக இருக்க வேண்டும். இரைப்பையும், தொப்புள் சிரை வளைந்து சேரும் இடமும் தெரிய வேண்டும். சிறுநீரகம் தெரிந்தால் கீழே இறங்கிவிட்டீர்கள். ப்ரோப்பை அழுத்தினால் வட்டம் முட்டையாகும். காலிப்பர் தோலின் வெளிவிளிம்பில். இரண்டு வளர்ச்சி ஸ்கேனுக்கு நடுவே 2 வாரமாவது இடைவெளி வேண்டும். ஒரு வாரத்தில் "வளரவில்லை" என்று எழுதுவது, வளர்ச்சியை விட்டுவிட்டு நம் கைப்பிழையை அளப்பது.

டாப்ளர்: கொடியின் மிதக்கும் பகுதியில், குழந்தை மூச்சசைவு செய்யாத நேரத்தில், ஒரே சீரான அலைகள் வந்தபின் எடுங்கள். மூளைத் தமனியை அது கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில், கோணம் பூஜ்யத்துக்கு நெருங்கியபடி, தலையை அழுத்தாமல். அழுத்தினால் அலை மாறிவிடும்.

அப்புறம் 7 வாரத்தில் அம்மாவுக்குத் துடிப்புச் சத்தம் கேட்கட்டும் என்று பல்ஸ் டாப்ளர் போடும் பழக்கத்தை நிறுத்துங்கள். எம்-மோட் (அசைவைக் கோடாக வரைவது) போதும். சத்தத்துக்காக அந்தச் சின்னக் கருவின் மேல் அவ்வளவு ஆற்றலைக் கொட்ட வேண்டியதில்லை.

#22 கிராமத்து எம்.ஓ.

கர்ப்பப்பை வாய் நீளத்தையும் சேருங்கள். வயிற்றின் மேல் வைத்து, சிறுநீர்ப்பை நிரம்பியபடி "3.8 செ.மீ." என்று எழுதி வருகிறது. நிரம்பிய பை வாயை அழுத்தி நீளமாகக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு டி.வி.எஸ்.ஸில், ப்ரோப் தொட்டபின் சற்றுப் பின்னால் இழுத்து அழுத்தம் போக்கி, 3 முதல் 5 நிமிடம் பார்த்து, மூன்று அளவில் சிறியதை எழுத வேண்டும். 24 வாரத்துக்குள் 25 மி.மீ. அல்லது குறைவு என்றால் ப்ரோஜெஸ்டரோன் (குறைப்பிரசவத்தைத் தடுக்கும் ஹார்மோன் மருந்து) பேச்சு அன்றைக்கே. இதற்கும் 5 நிமிடம் கூடுதல் என்பதை வரவுசெலவு குறித்துக்கொள்ளட்டும்.

#23 வரவுசெலவு

குறித்தாயிற்று. 200 ரூபாய்.

#24 நிழற்படம்

@பொருநைக்கரை: ஒப்பந்தத்துக்கு என் வரைவு. வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

கூலி அமர்வுக்கு. 4 மணி நேர அமர்வுக்கு ஒரு நிலையான தொகை, யார் வந்தாலும் வராவிட்டாலும். அமர்வில் 3 அனாமலிக்கு மேல் பதியக் கூடாது. 3-க்கு 120 நிமிடம், மீதி 120-இல் 4 வளர்ச்சி ஸ்கேன் 80, 2 ஆரம்ப ஸ்கேன் 24, 16 நிமிடம் கை ஆற. அவசர ஸ்கேன் நுழைந்தால் ஒரு வளர்ச்சி ஸ்கேன் வெளியே போகும், அனாமலி போகாது.

இரட்டை என்றால் இரண்டு அனாமலி இடம். "இரட்டைக்கும் ஒரே ரேட்" என்பது வரவேற்பில் இருப்பவர் கொடுக்கும் தள்ளுபடி. அதை டாக்டர் சுமக்கக் கூடாது.

குழந்தை படுத்த விதத்தால் படம் கிடைக்காமல் மறுமுறை வந்தால் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, டாக்டருக்கு நேரம் உண்டு. இதை முதல் கட்டணத்திலேயே ஏற்றிவிடுங்கள். மறுமுறைக்குக் காசு கேட்டால் அவர்கள் வரமாட்டார்கள். டாக்டருக்குக் காசு இல்லை என்றால் அவர் கூப்பிடமாட்டார்.

படம் இல்லாத உறுப்புக்கு "இயல்பு" எழுதக் கூடாது. டெம்ப்ளேட் காலியாகத் தொடங்க வேண்டும். "பார்க்க இயலவில்லை, காரணம், மறுமுறை தேதி" என்று மூன்றும் வர வேண்டும். உடல் பருமன், முதுகு மேலே, நீர் குறைவு என்று காரணத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை 10 அனாமலி ஸ்கேனைக் குலுக்கி எடுத்து வேறொரு டாக்டர் படங்களை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவார். அவருக்கும் அந்த 2 மணி நேரத்துக்குக் கூலி உண்டு. இனாமாகக் கேட்டால் ஒரு தடவைதான் நடக்கும்.

பிறந்த குழந்தைகளில் குறை தெரிந்தால் அந்த ஸ்கேனைத் திறந்து பார்க்க வேண்டும். படத்தில் இருந்து கண் தவறியதா, படமே எடுக்கப்படவில்லையா என்று பிரித்து எழுத வேண்டும். முதலாவது பயிற்சிக்கான விஷயம், இரண்டாவது நேரத்துக்கான விஷயம்.

#25 பொருநைக்கரை

அருமை. ஃபார்ம் எஃப் நேரத்தை இதில் எங்கே வைப்பது? இன்னொன்று, எங்கள் பக்கம் அனாமலியை 18 வாரத்திலேயே முடித்துவிடச் சொல்கிறார்கள்.

#26 ஏழாம்மாதம்

18 என்பது கருக்கலைப்புச் சட்டத்தின் பழைய 20 வார எல்லைக்குப் பயந்து வந்த பழக்கம். அந்தச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பின் கருவில் கடுமையான குறை இருந்தால் 20 முதல் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்தோடு முடிவெடுக்கலாம், 24-க்கு மேல் மருத்துவ வாரியம். அதனால் 19 முதல் 20 வாரத்தில் பதியுங்கள், பருமனான பெண்களுக்கு 20-க்குப் பிறகு. இதயம் அப்போது கண்ணுக்குப் பிடிபடும். ஆனால் 22-க்குத் தள்ளாதீர்கள். குறை தென்பட்டு, மறு ஸ்கேன், பனிநீர் பரிசோதனை, முடிவு வர இரண்டு வாரம் என்று ஓடினால் 24 வந்துவிடும்.

#27 வரவுசெலவு

ஃபார்ம் எஃப்: பெண்ணின் உறுதிமொழிக் கையெழுத்து ஸ்கேனுக்கு முன், டாக்டரின் உறுதிமொழி ஸ்கேன் முடிந்ததும் அன்றே. மாத அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள், பதிவுகள் 2 ஆண்டு. படிவத்தில் விட்டது வெறும் எழுத்துப்பிழை என்ற வாதத்தை 2019-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதால் இதை டாக்டரின் ஸ்கேன் நேரத்துக்குள் திணிக்காதீர்கள். வெளியே ஓர் ஆள் நிரப்பட்டும், டாக்டர் படித்துக் கையெழுத்திட 2 நிமிடம் ஒதுக்குங்கள்.

நிழற்படத்தின் வரைவில் அமர்வுக்கு 9 ஸ்கேன். கையெழுத்துக்கே 18 நிமிடம் ஆகிறது. அவர் கை ஆற விட்ட 16 அதோடு போயிற்று. ஒரு வளர்ச்சி ஸ்கேனைக் குறைத்து 8 ஆக்குங்கள்.